தேனீயும் உண்ணியும்: நூறு ஆண்டுப் பாடு



போன மாதம் காப்பிச் செடியின் வரலாறு எழுதியபோது நன்றாக இருந்தது என்று பலரும் சொன்னீர்கள். இந்த முறை தேனீ. அதிலும் தேனைப் பற்றி இல்லை. தேனீயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அதன் குடும்பத்தையே அழிக்கும் உண்ணியைப் பற்றியும், அந்த உண்ணியைத் தாங்கி நிற்கும் தேனீயை வளர்த்தெடுக்க மனிதர்கள் நூறு ஆண்டுகளாகப் படும் பாட்டைப் பற்றியும் எழுதுகிறேன். பதிவு நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆற அமர வாசியுங்கள்.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1904 வாக்கில் அந்த நாட்டின் தெற்கே உள்ள வைட் தீவில் தேனீக்கள் பறக்க முடியாமல், கூட்டின் வாசலில் ஊர்ந்து ஊர்ந்து செத்து விழுந்தன. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இந்தக் கேடு பிரிட்டன் முழுவதும் பரவியது. ‘வைட் தீவு நோய்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1921இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஜான் ரென்னி என்ற ஆராய்ச்சியாளர், தேனீயின் மூச்சுக்குழாய்க்குள்ளே வெறும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உண்ணி குடியிருப்பதை உலகுக்கு அறிவித்தார். அந்தப் பயத்தில் அமெரிக்கா 1922இல் சட்டம் போட்டு வெளிநாட்டுத் தேனீ இறக்குமதியை நிறுத்தியது. உண்ணி மட்டுமே காரணமில்லை, வைரஸும் சேர்ந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டார்கள். காரணம் எதுவானாலும் தேனீ வளர்த்தவர்களின் பெட்டிகள் காலியாகிவிட்டன.

அந்த நாட்களில் டெவன் மாவட்டத்தின் பக்ஃபாஸ்ட் மடத்தில் ஓர் இளம் துறவி இருந்தார். இயற்பெயர் கார்ல் கெர்லே. ஜெர்மனியில் 1898இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத பிள்ளையாக மடத்துக்கு வந்தார். அப்போது அங்கிருந்த துறவிகள் தங்கள் தேவாலயத்தைத் தாங்களே கல் சுமந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பையனுக்கு உடம்பில் அவ்வளவு தெம்பில்லை. கல் வேலையிலிருந்து எடுத்து, தேனீக்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் விட்டார்கள். அவர்தான் பின்னாளில் உலகம் முழுக்கத் தேனீ வளர்ப்போர் அறிந்த சகோதரர் ஆதாம்.

1916இல் மடத்தின் 46 தேனீக் குடும்பங்களில் 30 செத்துப்போயின. பிழைத்த 16ஐ ஆதாம் கூர்ந்து கவனித்தார். உள்ளூர்க் கறுப்புத் தேனீக் குடும்பங்கள் மிஞ்சவில்லை. இத்தாலிய ரத்தம் கலந்தவையே நின்றன. ‘ஏன் செத்தது’ என்ற கேள்வியோடு, ‘ஏன் சாகவில்லை’ என்ற கேள்வியையும் அவர் கேட்டார். தேனீ இனப்பெருக்கத்தின் வரலாற்றில் அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

ஆனால் தேனீயை நினைத்தபடி இனம் சேர்ப்பது, மாட்டையோ ஆட்டையோ சேர்ப்பது போல இல்லை. பட்டாணிச் செடி மெண்டலை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். அவர் தேனீயும் வளர்த்தார். தேனீக்களைக் கலப்புச் செய்யவும் முயன்றார். நடக்கவில்லை. காரணம் ராணி. புதிதாகப் பிறந்த ராணி வானத்தில் பறந்துபோய், அங்கே கூடியிருக்கும் ஆண் தேனீக்களோடு சேர்கிறது. ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு ஆண்களோடு, சில நேரம் அதற்கு மேலும். அந்த விந்தைத் தன் வயிற்றிலுள்ள ஒரு பையில் சேர்த்து வைத்து வாழ்நாள் முழுக்க முட்டையிடுகிறது. எந்த ஆண், யாருடைய பெட்டியிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரே கூட்டில் இருக்கும் வேலைக்காரத் தேனீக்கள் ஒரே தாய்க்கும் பல தகப்பன்மாருக்கும் பிறந்தவை.

இந்த இடத்தில் ஒரு விடுகதை. அப்பா இல்லை, ஆனால் தாத்தா உண்டு, அது யார்? ஆண் தேனீ! கருவுறாத முட்டையிலிருந்து ஆண் தேனீ பிறக்கிறது. அதனால் அதற்குத் தகப்பன் கிடையாது. தாய்க்குத் தகப்பன் உண்டு என்பதால் தாத்தா உண்டு. பேரப்பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆதாம் 1925இல் ஒரு வழி கண்டுபிடித்தார். மடத்துக்கு அருகில் டார்ட்மூர் என்ற பொட்டல் மேட்டுநிலம் இருக்கிறது. மரமில்லை, குளிர்காற்று வேறு. அங்கே காட்டுத் தேனீக் கூடுகள் இல்லை. தனக்கு வேண்டிய ஆண் தேனீக் குடும்பங்களையும் கன்னி ராணிகளையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். வெளியார் கலப்பு இல்லாமல் சேர்க்கை நடந்தது. 1950க்குப் பிறகு ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்காசியா என்று அலைந்து ராணிகளைத் தேடிக் கொண்டுவந்தார். 98 வயதில், 1996இல் காலமானார். ‘பக்ஃபாஸ்ட் தேனீ’ அவர் விட்டுப்போன சொத்து. இதே காலத்தில் அமெரிக்காவில் லாயிட் வாட்சன் 1920களில் தொடங்கி வைத்ததை லெய்ட்லா, மெக்கன்சன் போன்றவர்கள் சீர்படுத்தி, ராணியை மயக்கி ஊசி வழியாகக் கருவூட்டும் முறையை உருவாக்கினார்கள். வானத்தில் நடந்ததை மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இப்போது இரண்டாவது உண்ணிக்கு வருவோம். இதுதான் பெரிய வில்லன்.

1904இலேயே ஜாவா தீவில் எட்வர்ட் யாக்கப்சன் என்பவர் ஆசியத் தேனீயின் கூட்டிலிருந்து ஓர் உண்ணியைப் பிடித்தார். ஔடமன்ஸ் என்ற டச்சு அறிஞர் அதை விவரித்து ‘வரோவா’ என்று பெயரிட்டார். விவசாயத்தையும் தேனீயையும் பற்றி எழுதிய பழைய ரோமானிய அறிஞர் வர்ரோவின் நினைவாக வைத்த பெயர். செம்பழுப்பு நிறம், ஒன்றரை மில்லிமீட்டர் அகலம், நண்டைப் போலத் தட்டையான உடம்பு. அப்போது யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஏனென்றால் அது ஆசியத் தேனீயைக் கொல்லவில்லை.

அந்த ஆசியத் தேனீ வேறு எதுவும் இல்லை. நம் ஊர் மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் அடை அடையாகக் கட்டுமே, மார்த்தாண்டம் பக்கம் பெட்டியில் வளர்க்கிறார்களே, அந்த அடுக்குத் தேனீயின் இனம்தான். அது இந்த உண்ணியோடு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து பழகிவிட்டது. எப்படித் தெரியுமா? உடம்பில் உண்ணி ஏறினால் தானும் தட்டிவிடும், கூட இருப்பவையும் கடித்து எடுக்கும். வேலைக்காரத் தேனீயின் புழு அறையில் உண்ணி புகுந்தால் மோப்பம் பிடித்து, மூடியைத் திறந்து உள்ளே இருப்பதை வெளியே எறிந்துவிடும். ஆண் தேனீயின் அறையில் பல உண்ணிகள் புகுந்து புழு செத்துவிட்டால் அறையைத் திறக்காமலே விட்டு, உண்ணியையும் சேர்த்துச் சமாதியாக்கிவிடும். ஆகவே உண்ணிக்கு ஆண் தேனீ வளரும் பருவத்தில் மட்டுமே குடும்பம் பெருக்க இடம் கிடைக்கிறது. இருவரும் பிழைத்துக்கொள்கிறார்கள்.

இந்தச் சமநிலையைக் கெடுத்தது மனிதனின் பயணம். ரஷ்யாவின் கிழக்கு எல்லையில் பிரிமோரியே என்றொரு பகுதி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து உக்ரைன் முதலிய இடங்களிலிருந்து குடியேறியவர்கள் தங்கள் ஐரோப்பியத் தேனீப் பெட்டிகளையும் கூடவே கொண்டுபோனார்கள். சைபீரிய ரயில் பாதை வந்த பிறகு அது இன்னும் எளிதானது. ஐரோப்பியத் தேனீயும் ஆசியத் தேனீயும் அங்கே பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆயின. உண்ணி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தாவியது. ஐரோப்பியத் தேனீக்கு அதைச் சமாளிக்கத் தெரியாது.

பிறகு பெட்டிகளும் ராணிகளும் கைமாற, உண்ணி உலகைச் சுற்றியது. 1960களில் கிழக்கு ஐரோப்பா, 1970களில் ஜெர்மனியும் தென் அமெரிக்காவும், 1987இல் அமெரிக்கா, 1992இல் இங்கிலாந்து, 2000இல் நியூசிலாந்து. ஆஸ்திரேலியா கடைசிவரை தப்பித்திருந்தது. 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தருகே கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகளை அழித்தும் தடுக்க முடியாமல், 2023 செப்டம்பரில் ஒழிக்கும் முயற்சியைக் கைவிட்டார்கள். நடுவில் 2000இல் டெனிஸ் ஆண்டர்சன், ஜான் ட்ரூமேன் இருவரும், உலகை அழித்துக்கொண்டிருப்பது ஜாவாவில் பிடித்த அதே உண்ணி இல்லை, அதன் பங்காளி இனம் என்று நிரூபித்தார்கள். அதற்கு ‘அழிப்பான்’ என்று பொருள்படும் பெயரையே வைத்தார்கள்.

அது செய்யும் சேதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேனீப் புழுவின் அறை மூடப்படுவதற்குச் சற்று முன்னால் தாய் உண்ணி உள்ளே நுழைந்து ஒளிந்துகொள்ளும். மூடிய பிறகு முதலில் ஓர் ஆண் முட்டை, பிறகு ஏறக்குறைய 30 மணி நேரத்துக்கு ஒன்றாகப் பெண் முட்டைகள். அண்ணன் தங்கைகளுக்குள்ளேயே சேர்க்கை. தேனீ வெளியே வரும்போது கருவுற்ற உண்ணிகளும் கூடவே வரும். வேலைக்காரத் தேனீயின் அறை 12 நாள் மூடியிருக்கும். ஆண் தேனீயின் அறை அதைவிட இரண்டு மூன்று நாள் கூடுதல். அதனால்தான் உண்ணிக்கு ஆண் அறை மேல் ஆசை. உண்ணி ரத்தம் குடிக்கிறது என்றே வெகுகாலம் பாடம் சொன்னார்கள். 2019இல் சாமுவேல் ராம்சே குழுவினர், அது முக்கியமாகத் தின்பது தேனீயின் கொழுப்புத் திசுவை என்று காட்டினார்கள். நமக்குக் கல்லீரல் எப்படியோ அப்படி அது தேனீக்கு. போதாததற்குச் சிறகைச் சுருட்டிவிடும் வைரஸையும் ஊசி போடுவதுபோல் ஏற்றிவிடும். கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளில் குடும்பம் காலி.

முதலில் எல்லோரும் மருந்தைத்தான் நாடினார்கள். ஃபுளூவலினேட் தடவிய பட்டைகளைப் பெட்டிக்குள் தொங்கவிட்டார்கள். உண்ணிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. 1990களிலேயே அந்த மருந்துக்கு அசையாத உண்ணிகள் வந்துவிட்டன. மருந்தில் சாகாத உண்ணிதானே அடுத்த தலைமுறைக்குத் தாய்? நாம் நம்மை அறியாமலே, மருந்தைத் தாங்கும் உண்ணியை வளர்த்துவிட்டோம். ‘உண்ணியைத் தாங்கும் தேனீயை வளர்க்கலாமே’ என்ற பழைய யோசனை அப்போது திரும்பவும் வந்தது.

அதற்கு அடிப்படை முன்பே போடப்பட்டிருந்தது. அமெரிக்காவில் வால்டர் ராத்தன்பூலர், புழுக்களை அழுகச் செய்யும் ஒரு பாக்டீரியா நோயை ஆராய்ந்தார். அவரிடம் இரண்டு வகைத் தேனீக்கள். ஒரு வகை செத்த புழுவின் அறையைத் திறந்து, பிணத்தை வெளியே போட்டுவிடும். இன்னொரு வகை அப்படியே விட்டுவிடும். இரண்டையும் கலந்து, பிறகு சுத்தக்கார வகையோடு மறுபடி சேர்த்து 29 குடும்பங்களை உருவாக்கினார். அவற்றில் 6 குடும்பங்கள் திறக்கவும் செய்தன, வெளியேற்றவும் செய்தன. 9 குடும்பங்கள் திறந்துவிட்டுச் சும்மா இருந்தன. மீதி 14 திறக்கவே இல்லை. அந்த 14 குடும்பங்களின் அறைகளை அவரே கையால் திறந்து வைத்தார். அவற்றில் 6 குடும்பங்கள் ஓடிவந்து பிணத்தை அகற்றின! திறப்பது ஒரு குணம், அகற்றுவது வேறொரு குணம் என்று 1964இல் எழுதினார். இன்று இன்னும் பல மரபணுக்கள் இதில் சேர்ந்திருப்பது தெரியும். ஆனாலும் சுத்தம் என்ற பழக்கமே பரம்பரையாக வரும் என்று காட்டியது பெரிய காரியம். இன்னொன்று: கொட்டாத வகையிடம் 98 முறை போனபோது அவர் வாங்கிய கொட்டு ஒன்றே ஒன்று. சுத்தக்கார வகையிடம் அதே 98 முறைக்கு 143 கொட்டு. அறிவியல் சும்மா வரவில்லை பிள்ளைகளே.

மினசோட்டாவில் மார்லா ஸ்பிவாக் அம்மையார் இதைத் தேனீ வளர்ப்போர் கையாளும் சோதனையாக மாற்றினார். திரவ நைட்ரஜனை ஊற்றி அடையில் ஒரு வட்டத்துப் புழுக்களை உறையவைப்பார். 24 மணி நேரம் கழித்துப் பார்ப்பார். ஏறக்குறைய எல்லாவற்றையும் சுத்தம் செய்த குடும்பத்தின் ராணியிலிருந்து அடுத்த தலைமுறையை எடுப்பார். சுத்தக்காரத் தேனீ கடுகடுப்பானதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, தேனும் நன்றாகவே தரும் என்று காட்டியது இந்த வேலை.

லூசியானாவின் பேட்டன் ரூஜில், அமெரிக்க வேளாண் துறையின் ஜான் ஹார்போ, ஜெஃப்ரி ஹாரிஸ் இருவரின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1990களில் சில குடும்பங்களில் உண்ணிகள் குட்டி போடாமலே இருப்பதைக் கண்டார்கள். தேனீயிடம் ஏதோ இருக்கிறது, அது உண்ணியை மலடாக்குகிறது என்று நினைத்து, ஒரே ஆண் தேனீயின் விந்தைக் கொண்டு ராணிகளைக் கருவூட்டி அந்தக் குணத்தைத் திரட்டினார்கள். பிறகு தெரிந்தது: அந்தத் தேனீக்கள் குட்டி போடும் உண்ணி இருக்கும் அறைகளைத் தேடித் திறந்து காலி செய்துவிட்டன. மீதி இருந்த மலட்டு உண்ணிகளைத்தான் நாம் எண்ணிக்கொண்டிருந்தோம்! தேர்வில் தோற்ற பிள்ளைகளையெல்லாம் வெளியேற்றிவிட்டு, ‘எங்கள் பள்ளியில் நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று பலகை வைப்பதுபோலத்தான். விளக்கம் தவறு, ஆனால் தேனீ உண்மையானது. அதனால் குணத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

இதே துறையின் தாமஸ் ரிண்டரர் வேறு வழியில் யோசித்தார். உண்ணியோடு மிக நீண்ட காலம் போராடிய ஐரோப்பியத் தேனீ எங்கே? முதலில் உண்ணி தாவிய அதே பிரிமோரியேவில்! 1997இல் அங்கிருந்து 100 ராணிகளைக் கொண்டுவந்து, மெக்சிகோ வளைகுடாவில் ஒரு தீவில் தனிமைப்படுத்தி வைத்துச் சோதித்து, 2000 முதல் தேனீ வளர்ப்போருக்குக் கொடுத்தார்கள்.

எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? அதையும் பார்த்துவிட்டார்கள். சுவீடனின் காட்லாந்து தீவில் இங்கெமார் ஃப்ரீஸ் 1999இல் 150 குடும்பங்களை வைத்து, மருந்தில்லாமல் விட்டார். ‘வாழ், சாகவிடு’ என்ற பொருளில் ஜேம்ஸ் பாண்ட் படத்தை நினைத்து ‘பாண்ட் சோதனை’ என்று பெயர். மூன்று ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் செத்தன. மிஞ்சியவை இன்றும் அதே தீவில் உண்ணியோடு வாழ்கின்றன. ஆனால் குடும்பங்கள் சிறியவை. அமெரிக்காவின் இதாகா அருகே ஆர்னாட் காட்டில் தாமஸ் சீலி 1978இல் காட்டுத் தேனீக் கூடுகளை எண்ணினார். உண்ணி வந்த பிறகு 2002இல் போய்ப் பார்த்தால், ஏறக்குறைய அதே அளவு கூடுகள்! ஒன்றும் நடக்கவில்லையோ என்று நினைக்கத் தோன்றும். அருங்காட்சியகத்தில் ஊசியில் குத்தி வைத்திருந்த பழைய தேனீக்களின் மரபணுவைப் புதியவற்றோடு ஒப்பிட்டு 2015இல் வெளியிட்டார்கள். பழைய தாய்வழிகளில் பெரும்பாலானவை மறைந்திருந்தன. காடு அமைதியாக இருந்தது, உள்ளே பெருஞ்சாவு நடந்து முடிந்திருந்தது.

‘இயற்கை பார்த்துக்கொள்ளும், மருந்தே வேண்டாம்’ என்று எழுதுபவர்களைப் பார்க்கிறேன். இயற்கை பார்த்துக்கொள்ளும், உண்மைதான். அதற்கான விலை ஐந்தில் நான்கு பங்கு. நூறு பெட்டி வைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் மனிதரிடம் எண்பதைச் சாகவிடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. சாகும் பெட்டியின் உண்ணி பக்கத்துக்காரர் பெட்டிக்கும் போகும். அதே நேரம், மருந்தை மட்டும் நம்பினால் பலவீனமான ராணியும் தாயாகிக்கொண்டே இருக்கும். ஸ்பிவாக், ஹார்போ போன்றவர்கள் காட்டியது நடுவழி: உண்ணியை எண்ணு, தேவைப்பட்ட பெட்டிக்கு மட்டும் மருந்து வை, ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து அடுத்த ராணியை எடுக்காதே. குடும்பம் பிழைக்கும், பலவீனம் பரவாது. இதில் சிக்கலும் உண்டு. ஒவ்வொரு ராணியும் வானத்தில் ஊரார் ஆண்களோடு சேர்வதால், சேர்த்த குணம் சில தலைமுறையில் கரைந்துவிடும். ஒருவர் மட்டும் செய்தால் போதாது, அந்த வட்டாரமே சேர்ந்து செய்ய வேண்டும்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்திருக்கும் நம் மாணவன் ஒருவன், வெளிநாட்டு ராணி வாங்கலாமா டீச்சர் என்று கேட்டிருந்தான். நீ வளர்ப்பது அடுக்குத் தேனீ என்றால், உலகமே தேடும் அந்தக் குணம் உன் பெட்டியில் ஏற்கெனவே இருக்கிறதப்பா. அதற்காக அது எல்லாவற்றையும் தாங்கும் என்று இல்லை. 1991, 92இல் ‘தாய் சேக்புரூட்’ வைரஸ் வந்து தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தேன்காரர்கள் எத்தனை பேர் பெட்டியை விறகுக்குப் போட்டார்கள் என்பது அங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு பெட்டிகளை மறுபடி நிரப்பியதும் பிழைத்து நின்ற குடும்பங்களின் வாரிசுகள்தான். ஆகவே ராணியை வாங்குவதற்கு முன்னால் உன் பெட்டிகளில் எது நோய் வந்தும் தேறியது, எது ஒவ்வொரு முறையும் படுத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வை. தேறியதிலிருந்து பிரித்து எடு. சகோதரர் ஆதாம் 1916இல் 16 பெட்டிகளைப் பார்த்துச் செய்ததும் அதேதான்.

இன்றும் மேலைநாடுகளில் பெரும்பாலோர் மருந்து வைத்துத்தான் தேனீ வளர்க்கிறார்கள். உண்ணி தாங்கும் இனங்கள் வைத்திருப்பவர்கள் குறைவு. வேலை முடியவில்லை, நடந்துகொண்டிருக்கிறது. நம் மலைத்தேனீயின் கூட்டில் வாழும் இன்னொரு சிறிய உண்ணியும் ஆசியாவில் ஐரோப்பியத் தேனீக்குத் தாவிவிட்டது. அதன் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உங்களில் தேனீ வளர்ப்பவர்கள், வளர்த்தவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். 1991க்கு முன்னால் உங்கள் வீட்டில் எத்தனை பெட்டி இருந்தது, பிறகு எத்தனை ஆனது என்று அப்பா அம்மாவிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.